சாதாரணமாக வசிப்பவர்

சென்ற நவம்பரில் ஒரு நாள், காலை ஐந்தரை மணிக்கு அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். ரெடிங்கில் இன்னும் விடிந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் வயிற்றைக் கலக்கும். வெளிநாட்டில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கலக்கம் தெரியும்.

"ஒண்ணுமில்லப்பா, பதறாத. ஓட்டு லிஸ்ட் எடுக்க டீச்சரம்மா வந்திருக்காக. ஒன் பேருக்கும் ஃபாரம் வந்திருக்கு. போட்டோகூட அடிச்சிருக்கு. நீ எங்கன்னு கேக்காக. என்னன்னு சொல்லட்டும்?"

அவர் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருந்தார். 'வேலைக்குப் போயிருக்கான், வந்துருவான்.' டீச்சரம்மா விடவில்லை. எப்ப வருவாரு என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அம்மாவிடம் பதில் இல்லை. நான் கிளம்பியது 2017இல்.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4 அன்று தொடங்கியிருந்தது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து, ஆள் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, குடிபெயர்ந்துவிட்டாரா என்று சரிபார்க்கும் வேலை. படிவம் வந்த விருதுநகர் வீட்டுக்கு நாங்கள் மாறியது 2018இல், அதாவது நான் போன பிறகு. அப்பா வீட்டு முகவரியை மாற்றும்போது என் பெயரையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார். அந்த வீட்டில் நான் மொத்தமாகத் தூங்கியது அறுபது எழுபது இரவுகள் இருக்கலாம்.

"பொய் சொன்னா ஒரு வருசம் ஜெயிலுங்காக. நெசமாப்பா?"

"ஆமாம்மா, சட்டத்துல இருக்கு."

"அப்ப எடுத்துரச் சொல்லவா?" கொஞ்சம் நிறுத்தினார். "அப்பா பேர போன தடவையே எடுத்துட்டாக. இப்ப ஒன் பேரையும் எடுத்துட்டா இந்த வீட்ல நான் ஒருத்திதான்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று ஆபீஸில் வேலை எதுவும் ஓடவில்லை.

*

அதற்கு முன்புவரை ஊர்த் தேர்தலோடு எனக்கிருந்த விலகலை என் மனசின் குறை என்றே நினைத்திருந்தேன். விருதுநகர்க்காரனுக்கு ஒரு வாக்கின் மதிப்பை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1967இல் காமராஜரை அவருடைய சொந்த ஊரிலேயே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். வித்தியாசம் 1,285 வாக்குகள். எங்கள் தெருவில் இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, குற்ற உணர்ச்சியோடு சொல்பவர்களும் உண்டு. எண் மட்டும் யாருக்கும் மறக்காது.

2024இல் அதே விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 4,379. ஜூன் 4 அன்று ஆபீஸில் ஒரு திரையில் வேலை, இன்னொரு திரையில் வாக்கு எண்ணிக்கை. முன்னிலை மாறி மாறி வந்தது. நண்பர்கள் குழுவில் கேலிப் படங்கள் போட்டுக்கொண்டிருந்தோம். மத்தியானம் காப்பி எடுக்கப் போகும்போதுதான் உறைத்தது, இதை நான் ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் ஜெயித்தாலும் என் குழாயில் வரும் தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஊரில் இருந்தபோது எந்தத் தெருவுக்கு எந்தக் கட்சி எப்போது வரும் என்பதுவரை தெரியும்.

அம்மாவின் அழைப்புக்குப் பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தேன். எனக்கும் அந்தத் தேர்தலுக்கும் நடுவே இருந்தது என் மனசு மட்டும் இல்லை. என்னைவிட வயதான ஒரு சொற்றொடரும் இருந்தது.

*

அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு வயதுவந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை தருகிறது. அதே மூச்சில், எந்தெந்தக் காரணங்களால் ஒருவரைத் தகுதிநீக்கம் செய்யலாம் என்றும் சொல்கிறது. மனநலமின்மை, குற்றம், ஊழலான அல்லது சட்டவிரோதமான நடத்தை. இந்த வரிசையில் முதலில் நிற்பது 'வசிக்காமை'. குற்றத்துக்கு முன்னால் நிற்கிறது ஊரில் இல்லாமை.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதை நடைமுறையாக்கியது. ஒரு தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' மட்டுமே அங்கே வாக்காளர் ஆகலாம். 20ஆவது பிரிவு அதை விளக்குகிறது. அந்த ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார் என்பதாலேயே வசிக்காதவராகவும் ஆகிவிட மாட்டார். சரி, தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? சட்டம் எண் எதையும் சொல்லவில்லை. நிரல் எழுதுகிறவனுக்கு இது வயிற்றெரிச்சல். நிபந்தனை இருக்கிறது, வரம்பு இல்லை.

வரம்பு இல்லாத இடத்தில் விலக்குகள் இருக்கும். ராணுவத்தினர், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட அரசு ஊழியர்கள் ஆகியோர் எங்கே இருந்தாலும், அந்தப் பணி இல்லாவிட்டால் எந்த ஊரில் இருந்திருப்பார்களோ அந்த ஊரில் வசிப்பதாகவே சட்டம் கருதும். அவர்களோடு இருக்கும் மனைவிக்கும் அப்படியே. ராணுவத்தில் இருக்கும் பெண்ணின் கணவருக்கு இந்த உரிமை கிடைக்க 2021இன் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் தூதரகத்தில் வேலை பார்க்கும் இந்திய அதிகாரி சட்டத்தின் கண்ணில் இன்னும் அவருடைய ஊரில்தான் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணிநேரத் தொலைவில் இருக்கும் நான் ஊரில் இல்லை. ஆக, இது தூரத்தைப் பற்றிய விஷயம் அல்ல. யாருடைய இல்லாமையை அரசு மன்னிக்கிறது என்பதைப் பற்றியது.

*

மன்னித்ததற்கு இன்னும் பெரிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. வரலாற்றாய்வாளர் ஓர்னிட் ஷானி இந்தியாவின் முதல் வாக்காளர் பட்டியல் உருவான கதையை 2018இல் ஒரு புத்தகமாக எழுதினார். அரசியலமைப்பு இன்னும் எழுதி முடிக்கப்படாத 1948இலேயே, அரசியல் நிர்ணய சபையின் செயலகம் பட்டியல் வேலையைத் தொடங்கிவிட்டது. சேர்வதற்கான நிபந்தனைகளில் ஒன்று, 1948 மார்ச் 31இல் முடியும் ஆண்டில் குறைந்தது 180 நாட்கள் அந்த இடத்தில் வசித்திருக்க வேண்டும் என்பது.

ஆனால் அப்போதுதான் பிரிவினை நடந்து முடிந்திருந்தது. லட்சக்கணக்கான அகதிகள் முகாம்களில் இருந்தார்கள். நேற்று வந்தவர் 180 நாளுக்கு எங்கே போவார்? அவர்களுக்கு ஒரு தளர்வு கொடுத்தார்கள். 'இந்த ஊரில் நிரந்தரமாக வசிக்கும் எண்ணம் எனக்கு இருக்கிறது' என்று அறிவித்தால் போதும், எத்தனை நாள் வசித்தார் என்று பார்க்காமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். முகவரி போன மனிதர்களின் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை அரசு நம்பியது.

அது எல்லாரையும் அணைத்துக்கொண்ட பட்டியல் என்றும் சொல்ல முடியாது. தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அப்படியிருந்தும் 17 கோடிக்கும் மேற்பட்டவர்களோடு 1951-52 தேர்தல் நடந்தது.

*

ஒரு மனிதனின் எண்ணத்தைக் கேட்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

என் தாத்தாவின் மூத்த அண்ணன், நாங்கள் பெரிய தாத்தா என்று கூப்பிடுவோம், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இலங்கையில் 1931இலேயே சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் இந்தியாவிலிருந்து போன தமிழர்களுக்கு மட்டும் வாசலில் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உத்தேசம் உண்டா? பெரும்பாலோருக்கு அதை நிரூபித்தால்தான் வாக்கு. பெரிய தாத்தா 1947 தேர்தலில் வாக்களித்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமகன் அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் பட்டியலிலிருந்து போனார்கள்.

விண்ணப்பிக்க 1949இல் இன்னொரு சட்டம் கொடுத்தார்கள். திருமணமானவர் 7 ஆண்டு, ஆகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் வசித்ததாக நிரூபிக்க வேண்டும். ஊருக்குப் போய்வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பியதும் விண்ணப்பதாரருக்கு எதிரான சாட்சியங்கள் ஆயின. பெரிய தாத்தாவின் மனு தள்ளுபடி ஆனது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த முதல் எண்ணில் ஒருவராகப் பெரிய தாத்தா 1970இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கினார். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. 1971இல் இந்தியத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். இரண்டு வாக்குகளுக்கு நடுவே 24 வருஷம்.

சின்ன வயதில் அவர் சொல்லிக் கேட்டது இது. "அங்கன இருந்து ஊருக்குப் பணம் அனுப்புனேன். அதனால நீ இந்த நாட்டாளு இல்லேன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க. ஓட்டுப் போட்ட அன்னைக்கு மட்டும் ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல."

என்னை அவரோடு வைத்துப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. அவரிடமிருந்து வாக்கைப் பிடுங்கினார்கள். நான் நல்ல சம்பளத்துக்காக விமானம் ஏறிப் போனேன். அவர் குடியுரிமையே இல்லாமல் இருபது வருஷம் இருந்தார். என்னிடம் எப்போதும் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனாலும் எங்கள் இருவரிடமும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். உன் மனசு எங்கே இருக்கிறது? பெரிய தாத்தா ஊருக்கு அனுப்பிய மணியார்டரை வைத்து அதற்குப் பதில் எழுதிக்கொண்டார்கள். அதை நினைத்தால், எண்ணத்தை அளக்காமல் இருப்பை மட்டும் அளக்கும் சட்டத்தில் ஒரு நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது.

*

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் ஒரு கோடிக்கும் மேல். சட்டம் அவர்கள் பக்கம் திரும்ப 60 வருஷம் ஆனது. 2010இல் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு அது அமலுக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர் 6ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியில் வாக்காளர் ஆகலாம். வாக்காளர் அட்டை தர மாட்டார்கள். வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி வாக்களிக்க வேண்டும்.

'நேரில்' என்ற அந்த ஒரு சொல் போதும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு இப்படிப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958. அதில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். நாட்டின் மற்ற பகுதிகள் எல்லாம் சேர்ந்து 288. வளைகுடாவிலிருந்து கூட்டாக டிக்கெட் போட்டு ஆள் கூட்டிவர கேரளத்தில் அமைப்புகள் இருக்கின்றன. நம்மிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

மாற்று யோசிக்கப்படாமலும் இல்லை. நம் சார்பில் இன்னொருவர் வாக்களிக்கும் பதிலாள் முறை ராணுவத்தினருக்கு 2003 முதல் உண்டு. அதை வெளிநாட்டு வாக்காளர்களுக்கும் தரும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்கு வரும் முன்பே 2019இல் மக்களவையின் காலம் முடிந்து மசோதா காலாவதியானது. வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பி, நிரப்பியதைத் தபாலில் திரும்பப் பெறும் முறையை 2016இல் முதலில் சோதித்தது நம் பக்கத்தில்தான். புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில், பணி வாக்காளர்களுக்காக. அதை எங்களுக்கும் விரிவாக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2020இல் அரசுக்கு எழுதியது.

இதற்கு எதிரான வாதங்களையும் லேசாகத் தள்ள முடியாது. அப்பா வீட்டு வாசலில் நின்று பதிலாளாகப் போடும் வாக்கு என் வாக்கா, அப்பாவின் இரண்டாவது வாக்கா? வளைகுடாவில் முதலாளியின் முகாமில் எட்டுப் பேர் ஓர் அறையில் இருக்கும் தொழிலாளி, தபால் வாக்குச்சீட்டை யார் கண்ணிலும் படாமல் நிரப்ப முடியுமா? 4,379 வாக்கில் முடிவாகும் ஒரு தொகுதியில், அந்த முடிவோடு தினமும் வாழப்போகிறவர்களை விலகியிருப்பவர்கள் மிஞ்சிவிடலாமா? கடைசிக் கேள்வி என்னைப் பார்த்தே கேட்டதுபோல் இருந்தது.

*

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. விருதுநகரில் வாக்களிக்காத அதே 2024இல் நான் வாக்களித்தேன். ஜூலை 4 அன்று, பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில்.

இங்கே காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் சட்டப்படி விசாவோடு வசித்தால் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். என் பக்கத்து மேசையில் பதினைந்து வருஷமாக வரி கட்டும் ஜெர்மன்காரருக்கு அந்த உரிமை இல்லை. எனக்கு உண்டு. காரணம் என் வரி அல்ல. என் கொள்ளுத்தாத்தா இந்த ராஜாங்கத்தின் பிரஜை. 1918இல் 'பிரிட்டிஷ் பிரஜை' என்று சட்டத்தில் எழுதியதன் வால், பேரரசு போன பிறகும் 'காமன்வெல்த் குடிமகன்' என்ற பெயரில் நீள்கிறது.

இந்தத் தலைகீழ் நிலை புதிதும் அல்ல. 1892இல் தாதாபாய் நௌரோஜி லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். வித்தியாசம் ஐந்தே வாக்குகள். அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியாவில் நேரடியாக வாக்களித்துச் சட்டசபைக்கு ஆளனுப்பும் உரிமை எந்த இந்தியருக்கும் இல்லை. ஊரில் இல்லாத வாக்கு லண்டனில் இருந்தது.

பிரிட்டன் தன் ஆட்களை எப்படி நடத்துகிறது என்பதும் ஒரு பாடம். வெளிநாட்டில் குடியேறிய பிரிட்டிஷாருக்கு 1985இல் வாக்குரிமை தந்தார்கள், நாட்டைவிட்டுப் போன ஐந்து வருஷம்வரை. 1989இல் அது 20 ஆனது. பிறகு 15ஆகக் குறைந்தது. 2024 ஜனவரியில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் எத்தனை வருஷம் போனால் ஊர்க்காரர் இல்லை என்பதற்கு அவர்களிடமும் நிலையான பதில் இல்லை.

அன்று ஆரம்பப்பள்ளி ஒன்றில் வாக்குச்சாவடி. அடையாளத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சீட்டைத் தந்தார்கள். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. வெளியே வந்து அம்மாவுக்கு அனுப்ப விரலைப் படம் எடுக்கப் போனேன். விரலில் ஒன்றும் இல்லை, இங்கே மை வைப்பதில்லை. அப்போதுதான் தோன்றியது. இதே பாஸ்போர்ட்டை நீட்டினால் விருதுநகரிலும் மை வைப்பார்கள். இங்கே அது என் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. அங்கே எட்டாயிரம் கிலோமீட்டர்.

*

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எடுத்துரச் சொல்லும்மா. நான் அந்த வீட்ல இல்ல. அது பொய்தான்."

"எடுத்துட்டா நீ வரமாட்டேன்னு ஆயிருமே."

அதற்கு என்னிடம் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. வருவேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 1948இல் முகாமில் நின்ற மனிதர் சொன்ன வாக்கியத்தை, அதே உறுதியோடு என்னால் சொல்ல முடியவில்லை. போய்விட்டேன் என்று சொல்லவும் மனசில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவனுக்காகத்தான் 6ஏ படிவம் இருக்கிறது என்பதை அன்று காலைதான் படித்திருந்தேன். அதில் சேர்ந்தால் என் பெயர் ஊர்க்காரர்கள் பட்டியலின் நடுவில் வராது. அந்தப் பாகத்தின் கடைசியில் வெளிநாட்டு வாக்காளர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. அங்கே வரும். என் நிலைமைக்கு அதுதான் சரியான இடம். ஊரில்தான் இருக்கிறது, ஆனால் கடைசியில்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள். அந்த எண்ணுக்குள் நானும் ஒருவன். பலருக்கு அது அநியாயமாகப் பட்டிருக்கலாம். என் விஷயத்தில் பட்டியல் உண்மையைச் சொன்னது.

6ஏ கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. 2016இல் எடுத்த என் பாஸ்போர்ட்டில் இருப்பது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நாங்கள் முன்பு இருந்த வாடகை வீட்டின் முகவரி. சட்டப்படி நான் அந்தத் தெருவின் வாக்காளன். அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அந்த முகவரிக்குத்தான் விசாரிக்க வருவார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த வீட்டுக்கு டீச்சரம்மா போனா, ஒன்னைத் தெரியும்னு யாரு சொல்லுவா?"

"அதாம்மா யோசிக்கிறேன்."

"யோசிக்க என்ன இருக்கு. என்னைக்குன்னு சொல்லு. நான் போயி அந்த வாசல்ல நிக்கேன்."